குறிஞ்சியிலிருந்து பாலைக்கு

தொல்காப்பியர் முதற்பொருள் இன்னதென்று கூறப் புகுந்தவிடத்து, நிலம் என்று மட்டும் கூறி அமைந்தாரல்லர். நிலமும் பொழுதும் என இரண்டையும் சேர்த்தே கூறினார். ஓரிடத்தை அறிய வேண்டுமாயின் அங்கே எப்பொழுதில் நிற்கின்றோம் என்பதையும் அறிய வேண்டும் என்பது அதன் கருத்து. இதனைப் பாடசாலையிலும் கீழைத்தேயக் கல்லூரி வகுப்பிலும் முப்பது ஆண்டுகளாக எடுத்துரைத்து வருகின்றேன். பண்டிதர் ஒருவர் நூலை மூடிவைத்துவிட்டு ஊர்ப்பயணம் பேசத் தொடங்கினால் வாசகர் நகைக்கவும் கூடும். ஆயினும், வெப்பம் மிக்க வளைகுடா நகரொன்றுக்குச் சிறு குழந்தைகளோடு விடுமுறை கழிக்கச் செல்ல எண்ணுகின்றவர்க்கு இந்தப் பழைய இலக்கணத்தினும் சிறந்த வழிகாட்டி வேறில்லை என்பது என் துணிபு. அண்மையில் ஓர் ஆகஸ்ட் விடுமுறையில் கண்டியிலிருந்து துபாய்க்கு அவ்வாறு சென்று மீண்டோம். அதற்கு நாங்கள் வகுத்துக்கொண்ட முறையினை, அவ்வழியே செல்ல இருப்பார்க்குப் பயன்படுமெனக் கருதி இங்கு எழுதுகின்றேன்.

கண்டி குறிஞ்சி நிலம். கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில், ஹந்தானை மலை ஒருபுறமும் மகாவலி கங்கை மறுபுறமுமாகக் காத்து நிற்கும் இந்நகரில், ஆகஸ்ட் மாதத்து நண்பகலிலும் வெப்பம் பெரும்பாலும் 28, 29 பாகை செல்சியசைத் தாண்டுவதில்லை. துபாயோ கடற்கரையூர் ஆதலின் நெய்தல். மணற்காடு சூழ்ந்தது ஆதலின் பாலை. இரண்டும் ஓரிடத்தே கூடினமையால், ஆகஸ்டில் பகல் வெப்பம் 41 பாகையை எட்டுவதோடு கடலின் ஈரமும் சேர்ந்து உடலை வருத்தும். இரவிலேனும் ஆறுமோ எனின், 30 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. பாலைக்கு உரிய பெரும்பொழுது வேனில், சிறுபொழுது நண்பகல், உரிப்பொருள் பிரிவு. இம்மூன்றும் அந்நகருக்கு எத்துணைப் பொருந்தும் என்பதை, வீட்டிலிருந்து ஒருவரையேனும் அங்கே அனுப்பி வைத்தவர் நன்கு அறிவர்.

பொருள்வயிற் பிரிவு என்று நூல்கள் பேசுவது எங்கள் பக்கத்து ஊர்களுக்குப் பழங்கதையன்று. 1970களில் வளைகுடா நாடுகளில் எண்ணெய்ச் செல்வம் பெருகிய காலந்தொட்டு இலங்கையர் அங்கே வேலைக்குச் சென்று வருகின்றனர். 1985இல் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் சட்டத்தின் மூலம் நிறுவப்பட்டது. இன்று கட்டுகஸ்தோட்டையிலும் அக்குறணையிலும் மாத்தளையிலும் ஒரு வகுப்பறையில் நின்று, “தந்தையோ தாயோ வெளிநாட்டில் இருப்பவர் கைகளை உயர்த்துக” என்று கேட்டால், உயரும் கைகளை எண்ணும் ஆசிரியரின் மனம் கனக்கும். சங்கச் சான்றோர் பிரிவினைத் தலைவன் தலைவியரிடத்தே வைத்துப் பாடினர். இக்காலத்துப் பிரிவின் பாரத்தில் பெரும்பங்கு குழந்தைகளின் தோளில் இருக்கின்றது.

என் மூத்த மகன் துபாயில் ஒரு கட்டட நிறுவனத்தில் கணக்கெழுதுகின்றான். மருமகளும் பேரக்குழந்தைகள் இருவரும் எங்களோடு கட்டுகஸ்தோட்டையில் இருக்கின்றனர். பேரனுக்கு வயது எட்டு, பேத்திக்கு நான்கு. இரண்டாண்டுக்கு ஒருமுறை மகன் விடுப்பில் வருவான். இம்முறை, “நீங்கள் எல்லோரும் இங்கே வந்தால் என்ன?” என்று அவனே கேட்டான். அங்கே அவனுடைய நண்பர் ஒருவர் ஆகஸ்டில் குடும்பத்தோடு சொந்த ஊர் செல்வதால் அவர் வீடு பத்து நாள்களுக்கு நமக்குக் கிடைக்கும் என்றான். கோடையின் கொடுமைக்கு அஞ்சிப் பலரும் ஊர் திரும்பும் மாதம் அது. அதனாலேயே எம்போன்றார்க்கு இடம் வாய்த்தது.

அயலார் பலரும் வேண்டாமென்றே கூறினர். நெருப்பில் கொண்டுபோய்க் குழந்தைகளை நிறுத்துவதா என்று கேட்டனர். டிசம்பரில் செல்லலாமே என்றனர் சிலர். அது நியாயமான சொல். டிசம்பர், ஜனவரி மாதங்களில் துபாயின் பகல் வெப்பம் 25 பாகையளவில் நிற்கும். இரவு 15 பாகைக்கு இறங்கும். தெரிவு செய்யும் வாய்ப்பு உடையவர் அக்காலத்தையே தெரிவு செய்க. எங்களுக்கோ டிசம்பரில் தங்க வீடில்லை. மகனுக்கும் அப்போது ஆண்டுக் கணக்கு முடிக்கும் வேலை. பேத்தியோ தந்தையைக் கைத்தொலைபேசியின் கண்ணாடிக்குள் வாழும் ஒருவராகவே அறிந்திருந்தாள். ஆகவே வெயில் உண்டா இல்லையா என்று வழக்காடுவதை விடுத்து, எப்பொழுதில் வெயில், எப்பொழுதில் நாம் என்று பகுத்துப் பார்க்கலானோம்.

ஆயத்தம் கண்டியிலேயே தொடங்கியது. கடவுச்சீட்டுக்காகக் கொழும்புவரை அலைய வேண்டியதில்லை. குடிவரவுத் திணைக்களத்தின் பிராந்திய அலுவலகம் கண்டியிலும் உண்டு. இலங்கையர் துபாய்க்கு விசாவை முன்னரே பெற்றாக வேண்டும். அங்கே வேலை செய்யும் உறவினர் அதற்கு விண்ணப்பிக்கலாம் என்றாலும், ஊதியமும் வீடும் அதற்கு ஏற்றனவாக இருத்தல் வேண்டும். மருந்துகளை மருத்துவரின் சீட்டோடு எடுத்துச் செல்லுதல் நன்று; நம் நாட்டில் எளிதாகக் கிடைக்கும் சில வலிநீக்கிகள் அங்கே கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. பெட்டி கட்டும் பாட்டிமார் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும்: கறிக்குச் சேர்க்கும் கசகசாவும், தாம்பூலத்துக்கு உரிய வெற்றிலையும் அந்நாட்டுக்குள் கொண்டு செல்லத் தடை செய்யப்பட்டவை. என் மனைவி வெற்றிலைப் பெட்டியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தது அவளுடைய பேரன்பின் அளவு என்றே கொள்க.

அடுத்து, குழந்தைகளின் நடையை அளந்தோம். பேராதனைத் தாவரவியல் பூங்கா 1821இல் தொடங்கப்பெற்றது; 147 ஏக்கர் பரப்புடையது. அங்கே நெடிய பனை வரிசைகளினூடே இருவரையும் நடக்கவிட்டுப் பார்த்தோம். நாற்பது நிமிடத்தில் பேத்தி தூக்கச் சொல்லிக் கைகளை நீட்டினாள். நிழலும் குளிர்ச்சியும் உள்ள இடத்தில் நாற்பது நிமிடமெனின், வெப்ப நாட்டில் அதிற் பாதியே கணக்கு என்று முடிவு செய்தோம். ஒரு குடும்பத்தின் வேகம் அதில் மிகச் சிறிய காலின் வேகமே. இதனை மறந்து வகுக்கும் திட்டம் பெரியோரின் திட்டமாகுமேயன்றிக் குடும்பத்தின் திட்டமாகாது.

நீர் அருந்தும் பழக்கத்தையும் ஊரிலேயே ஏற்படுத்தினோம். குழந்தையின் உடல் சிறிதாயினும் எடையோடு ஒப்பிடுமிடத்து அதன் தோற்பரப்பு பெரிது. ஆதலால் புறவெப்பத்தை அது விரைவில் ஏற்கும். பெரியோரைப்போல் வியர்த்து ஆறுவதும் குறைவு. விளையாட்டில் மூழ்கிய குழந்தை தாகத்தை உணர்ந்து கேட்பதற்குள் உடல் வாடிவிடும். எனவே தாகம் வருமுன் நீர் என்பது சட்டமாயிற்று. மணிக்கு ஒருமுறை சிறு குவளை நீர். அதனை மேற்பார்வை செய்யும் பதவி பேரனுக்கு வழங்கப்பட்டது. தங்கையின் தாகத்துக்கு அதிகாரியான பின் தன் பங்கையும் அவன் தவறாது அருந்தினான். ஜீவனிப் பொட்டலங்கள் ஐந்தாறும் பையில் இடம்பெற்றன.

வாசகர் வியக்கத்தக்க பொருளொன்றையும் எடுத்துச் சென்றோம். அது நுவரெலியாவுக்குச் செல்லும்போது அணியும் கம்பளிச் சட்டை. துபாயின் அங்காடிகளிலும் தொடர்வண்டிகளிலும் குளிரூட்டி ஓயாது இயங்குகின்றது. 41 பாகை வெயிலில் வியர்த்த குழந்தை ஒரு கதவைத் திறந்தவுடன் நுவரெலியாவின் மார்கழிக்குள் புகுந்துவிடும். வெயிலினும் இந்த மாற்றமே சளிக்கும் இருமலுக்கும் வாயிலாகும் என்று அங்கிருப்போர் கூறினர். உள்ளே நுழையுமுன் வியர்வையைத் துடைத்துச் சட்டையை அணிவித்தலை வழக்கமாக்கிக்கொண்டோம்.

இனி, பொழுது வகுத்த முறையைக் கூறுவேன். நம் முன்னோர் ஒருநாளை ஆறு சிறுபொழுதாக வகுத்துப் பத்து நாழிகை ஒரு பொழுது என்றனர். இக்கால அளவில் அது நான்கு மணி நேரம். காலை 10 மணிமுதல் 2 மணிவரை நண்பகல். 2 முதல் 6 வரை எற்பாடு. இவ்விரு பொழுதையும் வெளியுலகின் கணக்கிலிருந்து முற்றாக நீக்கினோம். எஞ்சியவற்றுள் யாமம் உறக்கத்துக்கு உரியது. ஆகவே வைகறையின் இறுதியும் காலையும் மாலையுமே எங்களுக்கு உரியனவாயின.

இங்கே இயற்கை ஓர் உதவியும் செய்தது. இலங்கை நேரம் துபாய் நேரத்துக்கு ஒன்றரை மணி முந்தியது. கண்டியில் ஆறு மணிக்கு விழிக்கும் குழந்தை அங்கே நாலரை மணிக்கு விழிக்கும். பலர் முதல் நாளிலேயே குழந்தைகளை அந்நாட்டு நேரத்துக்குப் பழக்க முயல்வர். நாங்களோ கண்டிக் கடிகாரத்தைக் காலையில் மாற்றவேயில்லை. ஆகஸ்ட் நடுப்பகுதியில் அங்கே ஞாயிறு எழுவது ஏறத்தாழ 5 மணி 50 நிமிடத்தில். அதற்கு முன்னரே குளித்து, இடியப்பமும் சம்பலும் உண்டு வெளியே நின்றோம். வெப்பம் அப்போதும் இருந்தது. ஆயின் வெயில் இல்லை. எட்டு மணிக்குள் வீடு திரும்பினோம். நண்பகலில் திரையை இழுத்துவிட்டு மூன்று மணி நேர உறக்கம். எழுந்தவுடன் வத்தகப்பழம், மோர், கதை. மகன் ஆறு மணிக்கு மேல் வேலையிலிருந்து திரும்புவான். பகலில் உறங்கிய குழந்தைகள் இரவு ஒன்பதரை மணிவரை தந்தையோடு விழித்திருக்க முடிந்தது. அவனுக்குக் கிடைக்கும் பொழுதும் அந்நகரம் பொறுத்தருளும் பொழுதும் ஒன்றாகவே அமைந்தன.

நாளுக்கு ஓரிடம் என்பது இரண்டாவது சட்டம். முதற் காலை துபாய்க் கழிமுகத்தை அடைந்தோம். அங்கே ‘அப்ரா’ எனப்படும் மரப்படகு ஒரு திர்ஹம் கட்டணத்தில் பர்துபாய்க் கரைக்கும் தேராக் கரைக்குமிடையே செல்கின்றது. நகரின் விலையுயர்ந்த காட்சிகள் எதனையும் குழந்தைகள் அவ்வளவு மகிழ்ந்து பார்த்திலர். மறுநாள் காலை அல் பஹீதிப் பகுதி. பாரசீகக் கரையிலிருந்து வந்த வணிகர் கட்டிய பழைய வீடுகள் அங்கே உள்ளன. கூரைக்கு மேல் நாற்புறமும் திறந்த கோபுரங்களை எழுப்பி, உயரத்தில் வீசும் காற்றைப் பிடித்துக் கீழே அறைக்குள் இறக்கியிருக்கின்றனர். சந்துகளைக் குறுகலாக அமைத்துச் சுவருக்குச் சுவர் நிழல் தரச் செய்திருக்கின்றனர். யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டின் முற்றமும் விறாந்தையும் நினைவுக்கு வந்தன. மின்சாரம் வருமுன் வெப்பத்தோடு வாழ்ந்த மக்கள் எங்கும் ஒரே அறிவைத்தான் தேடியிருக்கின்றனர்.

மாலைப் பயணங்களுக்கு மெற்றோ தொடர்வண்டி கைகொடுத்தது. 2009 செப்டெம்பரில் தொடங்கிய இவ்வண்டிக்கு ஓட்டுநர் இல்லை. முன்வரிசையில் நின்று பார்த்த பேரன், கண்டிப் புகையிரதத்தின் சாரதிக்காக இரக்கப்பட்டான். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கட்டணமில்லை. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனிப்பகுதி உண்டு. ஒன்றை மட்டும் கவனிக்க: வண்டியினுள்ளும் நிலையத்தினுள்ளும் உண்பதும் பருகுவதும் தண்டத்துக்குரிய குற்றம். குழந்தைக்கு ஏறுமுன் நீர் கொடுத்துவிட வேண்டும். 828 மீற்றர் உயரமுள்ள புர்ஜ் கலீபாவின் உச்சிக்கு ஏறும் கட்டணம் எங்கள் பைக்கு எட்டாதது. அடியில் நின்றே அண்ணாந்து பார்த்தோம். “நம் கண்டி நகரமே கடலிலிருந்து ஐந்நூறு மீற்றர்தான், இந்தக் கட்டடம் கண்டியைவிட உயரம்” என்றேன். பேரன் அதனை நம்ப மறுத்து, இன்றுவரை வழக்காடி வருகின்றான். ஜுமேரா, உம்மு சுகைம் கடற்கரைகளில் 2023ஆம் ஆண்டுமுதல் இரவில் நீராடுவதற்கென விளக்கமைத்த பகுதிகள் உள்ளன. ஒரு வெள்ளிக்கிழமை இரவு அங்கே சென்றோம். கடல்நீர் சூடேற்றிய குளியல்நீரைப் போலவே இருந்தது.

வைகறையில் வெளியே செல்பவர் கண்ணுக்கு மற்றொரு துபாயும் தென்படும். வேலையுடை அணிந்த தொழிலாளரை ஏற்றிய பேருந்துகள் வரிசையாக அப்பொழுதிலேதான் ஓடும். அந்நாட்டில் 2005ஆம் ஆண்டுமுதல் கோடையில் நண்பகல் வேலைத்தடை நடைமுறையில் இருக்கின்றது. ஜூன் 15 முதல் செப்டெம்பர் 15 வரை, பகல் 12.30 முதல் 3 மணிவரை திறந்த வெளியில் வேலை வாங்குதல் ஆகாது. நல்ல சட்டமே. ஆயினும் பன்னிரண்டரைக்கு முன்னும் மூன்றுக்குப் பின்னும் வெயில் வெயிலே அன்றோ? நாங்கள் எட்டு மணிநேரத்தை நீக்கிக்கொண்டோம். அவர்க்கு இரண்டரை மணிநேரமே நீங்கிற்று.

படகுத்துறையில் ஒரு தொழிலாளர் எங்கள் பேச்சைக் கேட்டு, “ஐயா எந்த ஊர்?” என்று தமிழில் வினவினார். கட்டுகஸ்தோட்டை என்றேன். அவர் மாத்தளைப் பக்கத்தவர். மூன்றாண்டுகளாக ஊர் செல்லவில்லையாம். மாசிமகத் தேருக்கு முத்துமாரியம்மன் கோயிலை நினைத்துக்கொள்வதோடு சரி என்றார். பேத்தியின் தலையில் ஒருமுறை கைவைத்துவிட்டுப் பேருந்தை நோக்கி விரைந்தார். “அவருடைய பிள்ளைகள் ஏன் வரவில்லை?” என்று பேரன் கேட்டான். குடும்பத்தை அழைக்க ஊதியம் போதாது என்றும், அவர் பலரோடு ஓரறையில் தங்குபவராயிருக்கலாம் என்றும் கூறினேன். அவன் அதன்பின் நெடுநேரம் பேசவில்லை. விடுமுறையில் குழந்தைக்கு இவையெல்லாம் எதற்கு என்று கேட்பாருமுளர். தந்தை அனுப்பும் பணம் எந்த வெயிலில் விளைகின்றது என்று அறிந்த குழந்தை அதனை வேறு விதமாகச் செலவழிக்கும் என்பதே என் விடை.

பேத்தியைப் பற்றியும் கூற வேண்டும். விமான நிலையத்தில் தந்தையைக் கண்டதும் தாயின் சேலைக்குப் பின்னே ஒளிந்தாள். அன்றிரவு வழக்கமாக அழைப்பு வரும் நேரத்தில், “அப்பாவுக்கு போன் எடுங்கோ” என்று தாயிடம் கேட்டாள். அப்பா அருகிலேதான் அமர்ந்திருந்தான். அவன் எழுந்து மறு அறைக்குச் சென்று அங்கிருந்து அழைத்தான்; அவள் கண்ணாடியில் அவனோடு சிரித்துப் பேசினாள். மறுநாளும் அவ்வாறே. நான்காம் நாள் இரவு தொலைபேசியைக் கையிலேந்தியவாறே அந்த அறைக்கு நடந்து சென்று, அதனைக் கட்டிலில் வைத்துவிட்டு அவன் மடியில் ஏறினாள். நாளுக்கு மூன்றிடம் என்று நாங்கள் ஓடியிருந்தால் அந்த இரவுகளில் அவள் களைத்து உறங்கியிருப்பாள். வெறுமையாக விட்டுவைத்த பொழுதே எங்களுக்குப் பெரும்பயன் தந்தது.

கடற்பயணம் பெண்டிரோடு இல்லை என்று தொல்காப்பியர் தம் காலத்து வழக்கைக் குறித்தார். இன்று கட்டுநாயக்கவிலிருந்து நாலரை மணிநேரத்தில் தாயும் பாட்டியும் பேத்தியும் கடல் கடக்கின்றனர். வழக்கு மாறிற்று, பிரிவு மாறவில்லை. ஆகவே செல்லும் வாய்ப்புடையோர் நிலத்துக்கு அஞ்சாது பொழுதை அறிந்து செல்க. குழந்தையின் காலை அளவுகோலாகக் கொள்க. பூட்டிய வண்டிக்குள் ஒரு நொடியும் அதனைத் தனியே விடற்க. வெயிலில் நின்ற வண்டி அடுப்பாகிவிடும். பிற்பகல் வெயிலில் விளையாட்டிடத்து இரும்பைத் தொடவிடற்க.

செல்லும் வாய்ப்பில்லாதாரே நம்மிற் பெரும்பாலார். அவர்க்கும் இம்முறை பொருந்தும். தந்தை ஒரு மாத விடுப்பில் ஊர் வரும்போது, உறவினர் வீடுகளுக்கும் விருந்துகளுக்கும் வங்கிக்கும் அலைந்தே அந்நாள்கள் கழிந்துவிடுகின்றன. குழந்தை அவனைக் காணும்போதெல்லாம் அவன் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருப்பான். நாளுக்கு ஓர் அலுவல் என்று வரையறுத்துக்கொள்க. மாலையில், கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வெட்டுவித்த கண்டிக் குளக்கரையில் குழந்தையின் கையைப் பிடித்து ஒருமுறை சுற்றி வருக, அதற்குக் கட்டணமில்லை, குளிரூட்டியும் வேண்டியதில்லை. மறு விடுப்பு வரும்வரை அக்குழந்தைக்குக் கைவசம் இருக்கப்போவது அந்த நடைதான்.